அப்பாவுக்கு முன்னே போன பசி

இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சிட்னியின் மேற்குப் பக்கம், டூங்காபியில், என் வீட்டைச் சுற்றித் தமிழர்களுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "சாப்பிட்டாச்சோ?" என்பார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ரயிலடியில் பார்த்தால் "சாப்டீங்களா?" என்பார். அன்பாகத்தான் கேட்கிறார்கள். நானும் ஆச்சு என்கிறேன். ஆனால் "பசியாறியாச்சா?" என்று கேட்க இந்த ஊரில் ஆளில்லை. அந்தச் சொல் மலாக்காவில், ஜாசின் சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே திரும்பினால் வரும் ஒரு தோட்டத்தில் நின்றுவிட்டது. அந்தத் தோட்டமும் இப்போது இல்லை.

மலேசியாவில் பிறந்த தமிழருக்குத் தெரியும். எங்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்குத் தனிப்பெயர் கிடையாது, பசியாறுவதுதான். பசியாற என்ன என்று கேட்டால் தோசை, ரொட்டி, நேற்றுச் சோறு என்று பதில் வரும். சொல்லுக்குள்ளேயே பசி இருக்கிறது, அது ஆறுவதும் இருக்கிறது. சூடான பாலை ஆற்றுவதுபோல, அழுகிற பிள்ளையை ஆற்றுவதுபோல. ஊரில் இருந்தவரை அது அழகான சொல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் அப்பா கடைசி ஏழு மாதம் பசியாறவில்லை. ஆறுவதற்குப் பசி இருக்க வேண்டுமே. அவருக்கு முன்னாலேயே அது கிளம்பிப் போய்விட்டது.

அவரை நினைத்துத்தான் ஏங்குகிறேன் என்று பல வருடம் இருந்தேன். எதற்காக ஏங்குகிறேன் என்று இப்போதுதான் பிடிபடுகிறது. அவருடைய பசிக்காக.

*

அந்தப் பசிக்கு ஒரு நேரம் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா அடுப்பை மூட்டுவார். ஐந்தரைக்குப் பெரட்டு மணி. கிராணி பேர் கூப்பிட்டு முடித்ததும் நெற்றி விளக்குகள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் கலைந்து கித்தாக் காட்டுக்குள், ரப்பர் மரங்களுக்கு நடுவே, போகும். அப்பாவின் நிரையில் 500 மரத்துக்குக் குறையாது. வெறும் கோப்பி குடித்துவிட்டுப் போனவர், ஒன்பதரை மணிவரை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருப்பார். வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். மரம் காத்திருக்காது.

பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குப் பசியாறக் கொண்டுபோவது என் வேலை. மூன்று அடுக்குத் தூக்கு. நடக்கும்போது கைப்பிடி லேசாக ஆடி, ஒரு அடுக்கோடு இன்னொரு அடுக்கு உரசி, கிணிங் கிணிங் என்று ஒரு சத்தம் வரும். நான் மேட்டில் வரும்போதே பள்ளத்திலிருந்து அப்பா சீட்டியடிப்பார். என் காலடி அவருக்குக் கேட்டிருக்காது. தூக்கின் சத்தம் கேட்டிருக்கும். பசித்தவன் காதுக்கு அது கேட்கும்.

சாய்ந்து கிடக்கும் மரத்தில் உட்காருவார். விரல்களில் காய்ந்து ஒட்டிய பாலை நூல் நூலாக உரித்தெடுப்பார். புட்டித் தண்ணீரில் கை நனைப்பார். பிறகு, மூடியைத் திறக்கும் முன்பே அந்தக் கேள்வி: "என்ன இருக்கு?"

வாசனையில் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்பார். நெத்திலிச் சம்பால் என்று நான் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் என்று சொல்ல வேண்டும். குலா மலாக்கா வெல்லம் போட்டுப் பிசைந்த புட்டு என்று சொன்னால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த "என்ன இருக்கு?"வில் ஒரு ஏற்றம் உண்டு, கடைசி எழுத்து மேலே போய் நிற்கும். அந்த ஏற்றத்தை என்னால் வாயால் சொல்லிக் காட்ட முடிகிறது. இங்கே என் மகனுக்குச் சொல்லியும் காட்டினேன். சிரித்தான். அது அப்பாவின் குரல் இல்லை, என் குரல்தான் என்று எனக்குத் தெரிந்தது.

சத்தத்தோடு சாப்பிடுகிற மனிதர். கருவாட்டைக் கடித்தால் நொறுங்குவது கேட்கும். மீன் முள்ளை உறிஞ்சினால் கேட்கும். வீட்டில் சாப்பிடும்போது அம்மா, "மூணு வீட்டுக்குக் கேக்குதுங்க" என்பார். அப்பாவுக்கு அதில் வெட்கமே கிடையாது. லயத்தில் பலகைச் சுவர்தானே, மூன்று வீட்டுக்கும் அவருடைய பசி கேட்டது.

மாசி மகத்துக்கு மலாக்கா டவுனுக்குப் போவோம். பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகன் ரதம் செங் சன்னாசிமலைக்குக் கிளம்பும். வழி நெடுக அப்பா நடப்பார், வழி நெடுக பந்தல் இருக்கும், ஒவ்வொரு பந்தலிலும் அவர் கையேந்துவார். மோர், பானகம், பொங்கல், கொண்டைக்கடலை. கோயிலில் பந்தி உட்கார்ந்தால் இரண்டாம் முறை சாம்பார் வாளி வரும்போது நிமிர்ந்து பார்ப்பார், பரிமாறுகிறவருக்கு அதுவே போதும். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவரை எல்லோருக்கும் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் என்று சொல்லத் தெரிந்த மனிதர்.

இன்னும் கொஞ்சம். இந்த இரண்டு சொல்லும் எப்போது நின்றன என்று யோசித்துப் பார்க்கிறேன். நாள் தெரியும்.

*

2008 தீபாவளி. தோட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையையும் அழித்து வீடு கட்ட நிலத்தைக் கொடுத்தார்கள். நாங்கள் ஒரு தாமானில், வீடமைப்புக் குடியிருப்பில், சின்ன வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, காவல் வேலை, பார்த்தார். அன்று அம்மா ஆட்டிறைச்சிப் பெரட்டல் செய்திருந்தார். அப்பா ஒரு துண்டை எடுத்தார், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், இலையின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

"வாசனையே ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

அம்மா முகம் வாடிப்போனது. கறி நல்ல கறி. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

பிறகு ஒவ்வொன்றாக விலகியது. முதலில் இறைச்சி. அடுத்து எண்ணெயில் பொரித்தது. காலைக் கோப்பி. ஒரு கவளம் வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் உட்கார்ந்திருப்பார். வாயெல்லாம் இரும்பு என்றார். மண்ணைத் தின்கிற மாதிரி என்றார். இரண்டு வாய் போனதும், "போதும்மா, நெஞ்சுல நிக்குது." பெல்ட்டில் ஆணியைச் சுட வைத்து ஒரு புதுத் துளை போட்டார். பொங்கலுக்கு முன்னால் இன்னொன்று. வாழ்நாளெல்லாம் தராசடியில் நின்று தான் கொண்டுவந்த பாலின் எடையைப் பார்த்தவர், ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்று தன் எடையைப் பார்த்தார். 62 கிலோ இருந்தவர் 54. கங்காணி சொல்லும் எடையை ஏற்றுக்கொள்வதுபோல அதையும் பேசாமல் ஏற்றுக்கொண்டார்.

கணையத்தில் புற்று. கண்டுபிடித்தபோது கல்லீரலுக்கும் போயிருந்தது. கீமோ இரண்டு முறை கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் யாராவது சொல்லி அனுப்புவார்கள், நல்லா சாப்பிடச் சொல்லுங்க.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் அவரோடு சண்டை போட்டோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு இருந்திருக்கலாம். காலையில் வைத்தது மாலைவரை மூடியிருந்த கிண்ணம் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நான் விவரிக்க வேண்டியதில்லை. தட்டைப் பிடித்தபடி கட்டிலருகே நின்ற உங்கள் கை வலித்தது உங்களுக்குத் தெரியும். கெஞ்சல் எப்போது கோபமாக மாறியது என்பதும் தெரியும். "சாப்பிடாம எப்படிப்பா பொழைப்பீங்க? பொழைக்கணும்னு ஆசையே இல்லையா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டார், பிள்ளை திட்டுமே என்று பயந்து. கொஞ்ச நேரத்தில் பின்கட்டுச் சாக்கடை ஓரமாக அவர் ஓங்கரிப்பது கேட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தமும் கேட்டது. எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அவரே கழுவினார்.

அம்மா திருஷ்டி கழித்தார். சன்னாசிமலைக்கு நேர்ந்துகொண்டார். தாளிக்கிற வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் கேஸ் அடுப்பைத் தூக்கிப் பின்வாசலுக்குக் கொண்டுபோய் அங்கே சமைத்தார். மழை பெய்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி.

மே மாதம் அப்பா போனார்.

*

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவுத் தட்டு கொண்டுபோகும் வேலை செய்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது. காலையில் மூடி போட்ட தட்டுகளை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்க வருவேன். புற்றுநோய் வார்டில் பல தட்டுகள் மூடி திறக்காமலே திரும்பும். மற்றவர்களுக்கு அது கழிவுத் தொட்டியில் கொட்ட வேண்டிய கஞ்சி, முட்டை, ரொட்டி. எனக்கு அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் நிற்கும்.

ஒரு நாள் ஒரு மகள், என் வயதுதான் இருக்கும், அவளுடைய அப்பாவிடம் ஆங்கிலத்தில் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதே கோபம். அங்கே வேலை பார்க்கும் உணவு ஆலோசகப் பெண் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து மெதுவாகச் சொன்னாள்: அவர் மறுக்கவில்லை, அவருடைய மூளைக்குச் சாப்பிட வேண்டாம் என்று செய்தி போய்க்கொண்டிருக்கிறது. நான் தட்டு வண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பிறகு இடைவேளையில் அந்த ஆலோசகரைத் தேடிப்போய்க் கேட்டேன். அதற்குப் பிறகு நானாகத் தேடித் தேடிப் படித்தேன். செத்துப்போனவருக்காக இவ்வளவு படிப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள்.

எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. அதற்குள் பசியைக் கிளப்பும் நரம்பணுக்கள் ஒரு கூட்டம், போதும் என்று சொல்லும் நரம்பணுக்கள் ஒரு கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். வயிறு காலியானால் ஒரு வீட்டில் சத்தம், நிறைந்தால் மறு வீட்டில். உடம்பில் புற்று வளரும்போது உடம்பு ஓயாத அழற்சியில் இருக்கிறது. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதே வேலைதான், ஆனால் உடம்பு முழுக்க, கண்ணுக்குத் தெரியாமல். அந்த அழற்சியில் பிறக்கும் இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற தூதுப் பொருள்கள் மூளைவரை போகின்றன. போதும் என்கிற வீட்டின் குரல் ஓங்குகிறது. பசி வீட்டில் பேச்சு அடங்கிப்போகிறது. வயிறு வெறுமையாகத்தான் இருக்கிறது, மூளை நிறைந்துவிட்டது என்கிறது.

அப்பாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பார். தோட்டத்தில் கோழியும் மாடும் வளர்த்தவர். சீக்குக் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும், தவிடு வைத்தால் திரும்பிப் பார்க்காது. காய்ச்சல் கண்ட கன்று மடியை முட்டாது. அது கோழியின் பிடிவாதம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிருமியோடு சண்டை போடுகிற உடம்பு நாலு நாள் இரை தேடாமல் ஒடுங்கிக் கிடப்பது நல்லதற்கே என்று உயிரினங்களுக்குள் எழுதியிருக்கிறது. புற்றுநோயில் அந்த நாலு நாள் முடிவதில்லை. ஒடுங்கு என்ற உத்தரவு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது.

மாடுகளிடமிருந்துதான் இதில் ஒரு நூல் தொடங்கியது என்று படித்தபோது எனக்கு அப்பாவைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஆப்பிரிக்காவில் ஈ கடித்துப் பரவும் ஒரு நோயில் மாடுகள் எலும்பும் தோலுமாகும். ரத்தத்தில் பார்த்தால் கிருமி கொஞ்சம்தான் இருக்கும். கிருமி தின்னவில்லை என்றால் சதையைத் தின்றது எது? நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி செரமி அந்தக் கேள்வியைத் துரத்தினார். உடம்பே சுரக்கும் ஒரு புரதம் என்று கண்டு, உருக்குலைப்பது என்ற பொருளில் கக்கெக்டின் என்று பெயர் வைத்தார்கள். 1985இல் அவரும் புரூஸ் பாய்ட்லரும், அது ஏற்கெனவே தெரிந்த டி.என்.எஃப். தான் என்று காட்டினார்கள். நான் அப்போது ஆயாக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். அப்பா நிரையில் பசியோடு இருந்திருப்பார்.

இன்னொரு பொருளும் இருக்கிறது. ஜி.டி.எஃப்.15 என்று பெயர். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் இருக்கும் இதே சிட்னியில், டார்லிங்ஹர்ஸ்டில் உள்ள செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில், சாமுவேல் பிரைட்டும் அவரோடு இருந்தவர்களும் 1997இல் அதை முதலில் வெளிப்படுத்தினார்கள். அப்போது வேறு பெயர். 2007இல், கட்டிகள் இதைச் சுரந்து பசியை அடக்குகின்றன என்று எலிகளில் காட்டினார்கள். அது எங்கே போய்த் தட்டுகிறது என்று 2017இல் நாலு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. மூளைத்தண்டின் பின்பக்கம், ஏரியா போஸ்ட்ரீமா என்ற இடம். மூளையின் மற்றப் பகுதிகளுக்கு ரத்தத்திலிருந்து ஒரு காப்பு வேலி உண்டு. அங்கே அந்த வேலி தளர்வு. ரத்தத்தில் நஞ்சு வருகிறதா என்று பார்த்து வாந்தியை எழுப்புகிற காவல் அது. ஜி.டி.எஃப்.15 அந்தக் காவலை உசுப்புகிறது. நல்ல மீனும் நல்ல கறியும் அந்த ஆளுக்கு நஞ்சு மாதிரி ஆகிவிடுகின்றன. வாசனையே ஒரு மாதிரி இருக்கு.

2023 டிசம்பரில் இன்னொரு செய்தி வந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கும் குமட்டலுக்கும் பெரிய காரணம் இதே பொருள் என்று. கருவும் நஞ்சுக்கொடியும் அதை ஏராளமாகச் சுரக்கின்றனவாம். மார்லீனா ஃபெஜ்ஸோ என்ற பெண் விஞ்ஞானியும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஓராஹிலியும் மற்றவர்களும் சேர்ந்து எழுதியது. ஃபெஜ்ஸோ தன் கர்ப்பத்தில் கடுமையாக அவதிப்பட்டுக் குழந்தையை இழந்தவர். அதற்குப் பிறகு அதன் காரணத்தைத் தேடிவருபவர்.

மசக்கை.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குத் தாளிக்கிற வாசனை ஆகவில்லையாம். கருவாடு சுட்டால் நாலாவது வீட்டிலிருந்தும் குமட்டும். அப்பா மண்ணடுப்பைப் பெயர்த்து லயத்துக்குப் பின்னால், வேலியோரம், தகரம் போட்டு வைத்தார். பெரட்டுக்குப் போகுமுன் அவரே அங்கே உட்கார்ந்து தனக்கு ரொட்டி சுட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தார் மாங்காய் கொண்டுவந்தார்கள். ஊறுகாய் கொண்டுவந்தார்கள். மலாய்க்காரக் கிழவி ஒருத்தி கம்போங்கிலிருந்து புளிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் சாப்பிட மாட்டேங்கிறே என்று அம்மாவை ஒருவரும் திட்டவில்லை. "மசக்கைப்பா, வாய்க்கு ஆகாது, ஆனதைக் குடு" என்றார்கள். பொழைக்க ஆசையில்லையா என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து அம்மா அப்பாவுக்காக அடுப்பைப் பின்வாசலுக்குத் தூக்கினார். இரண்டு அடுப்பும் ஒரே காரணத்துக்காகத்தான் வெளியே போயின. அப்பாவின் ரத்தத்தில் ஜி.டி.எஃப்.15 இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். அம்மா அதை அறிவியலாகத் தெரிந்திருக்கவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. பத்து மாதம் எனக்காக அந்தக் குமட்டலை அம்மா சுமந்தார், எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் அப்பா சுமந்தார், நான் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்லிங்ஹர்ஸ்டுக்கு ரயிலேறிப் போனேன். அந்த மருத்துவமனைக்கு எதிரே நின்றேன். பார்க்க ஒன்றுமில்லை, கண்ணாடியும் செங்கலும்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

*

புற்றுநோயில் இப்படி எடை போவதைச் சாப்பாட்டால் மட்டும் முழுமையாகத் திருப்ப முடியாது என்று 2011இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த விளக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் உடம்பு உருக்குலையும் நிலை தொடங்கிவிட்டது என்கிறார்கள். அப்பாவுக்கு அது ஏறக்குறைய 3 கிலோ. முதல் ஆணித் துளை போட்டபோதே தாண்டியிருக்கும். ஊட்டி ஊட்டியே காப்பாற்றியிருக்கலாம் என்ற நினைப்பு இதனால் கொஞ்சம் தணிந்தது. முழுக்கத் தணியவில்லை.

ஏனென்றால் இன்னொன்றும் படித்தேன். புதுச்சேரி ஜிப்மரில் செய்த ஆய்வு, 2023இல் வெளியானது. வயிறு, நுரையீரல், கல்லீரல், கணையம், பித்தப் பாதைப் புற்று முற்றியவர்கள் 124 பேர், கீமோ எடுக்கத் தொடங்குகிறவர்கள். பாதிப் பேருக்கு ஓலான்ஸபின் என்ற மாத்திரை, தினம் 2.5 மில்லிகிராம், 12 வாரம். மறு பாதிக்கு வெறும் மாத்திரை. மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. எடுக்காதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பசியும் பலருக்குத் திரும்பியது. ஓலான்ஸபின் மனநோய்க்குக் கொடுக்கிற பழைய மருந்து, 1996இலேயே சந்தைக்கு வந்தது, விலையும் அதிகமில்லை. ஜப்பானில் 2021இல் அனாமொரெலின் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள், வயிறு சுரக்கும் பசி ஹார்மோனைப்போல வேலை செய்வது. ஜி.டி.எஃப்.15ஐயே பிடித்துக் கட்டிப்போடும் பொன்செக்ரோமேப் என்ற ஊசி மருந்தை 187 நோயாளிகளிடம் சோதித்து 2024இல் முடிவு சொன்னார்கள்; அதிக அளவு எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் வெறும் ஊசி போட்டவர்களைவிட ஏறக்குறைய 2.8 கிலோ எடை கூடியிருந்தது.

2.8 கிலோ. தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு வாளிப் பாலைத் தூக்கிய அப்பாவுக்கு அது ஒரு எடையா?

அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. கணையப் புற்று என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் 2009இல் அந்தப் பழைய மாத்திரை மலாக்காவிலும் மருந்துக்கடை அலமாரியில் இருந்திருக்கும். அதை எடுத்து அப்பாவின் கையில் வைக்க வேண்டும் என்று எங்களைச் சுற்றி யாருக்கும் அப்போது தோன்றவில்லை. ஒருவேளை ஒரு காலை, ஒரே ஒரு காலை, "என்ன இருக்கு?" என்று கேட்டிருப்பார். கடைசி எழுத்து மேலே போய் நின்றிருக்கும்.

உங்களில் யாராவது இப்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால், மருத்துவரிடம் பசியைப் பற்றியும் கேளுங்கள். வலியைக் கேட்பதுபோலவே கேளுங்கள். நான் கேட்கவில்லை. பசி என்பது நாம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நினைத்திருந்தேன்.

*

இங்கே எல்லாம் கிடைக்கிறது. வென்ட்வொர்த்வில் கடைகளில் வாழையிலை கட்டு கட்டாக இருக்கிறது. மலேசியக் கறித்தூள் இருக்கிறது, பெலாச்சான் இருக்கிறது, குலா மலாக்கா உருளை உருளையாக நெகிழிப் பையில் இருக்கிறது. சேவல் படம் போட்ட சாடின் டின்கூட இருக்கிறது. ஒரு மழைநாளில் சாடின் கறி வைத்தேன். அம்மா வைப்பதுபோலவே வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புளி. எடுப்பான சமையலறை, புகை உறிஞ்சும் கருவி மேலே ஓடிக்கொண்டிருந்தது, வாசனை எழுமுன்பே போய்விட்டது. சத்தமில்லாமல் மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்தோம். என் மகன் வாயை மூடிக்கொண்டு அழகாக மென்று சாப்பிடுகிறான். பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவும் இப்போது இல்லை. அடுப்பைப் பின்வாசலுக்கு மாற்றத் தெரிந்த கை.

அன்றும் சாடின் கறிதான். ஏப்ரல் கடைசி, அப்பா போவதற்கு மூன்று வாரம் முன்னால். நான் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் சாப்பிடாமல் நேராக வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்குப் பசி. அந்த மாதங்களில் என் பசியே எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவின் கண்ணில் படாமல் அடுப்படியில் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொண்டு வாயைத் துடைத்துவிட்டுத்தான் அவரிடம் போவேன். அன்று பின்வாசலிலிருந்து தட்டோடு உள்ளே வரும்போது அப்பா விழித்திருந்தார்.

"என்னா கறி?" என்றார். குரலில் ஏற்றமில்லை.

"சாடின்ப்பா. உங்களுக்கு வாசன ஆகாது, நான் வெளிய..."

"இங்க உக்காரு. இங்கியே சாப்பிடு, நான் பாக்குறேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் மூக்கை மேல்துண்டால் மூடிக்கொண்டார். கண்ணை மட்டும் என் தட்டின்மேல் வைத்திருந்தார். முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. பிறகு பசி என்னை மீறிக்கொண்டது, நான் மளமளவென்று பிசைந்து சாப்பிட்டேன், மீன் முள்ளைக் கடித்தேன், சத்தம் வந்தது. தட்டு காலியானதும் நிமிர்ந்தேன்.

துண்டுக்குள்ளிருந்து அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் போடு."

அம்மா சட்டியோடு வந்தார். நான் தட்டை நீட்டினேன்.